அன்று ஸ்டாலின் பரிசு... பிறகு வேலை பறிப்பு! யார் இந்த நிகோலாய் பெர்ன்ஸ்டைன்?

மேசையில் இருக்கும் டீ கிளாஸை எடுக்கிறீர்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அசைகின்றன. இத்தனையையும் மூளை எப்படிக் கட்டுப்படுத்துகிறது? இந்தக் கேள்விக்கே வாழ்நாளைக் கொடுத்து, அதனாலேயே வேலையையும் இழந்தவர்தான் சோவியத் விஞ்ஞானி பெர்ன்ஸ்டைன்.

1896இல் மாஸ்கோவில் பிறந்தவர். அப்பா மனநல மருத்துவர். சித்தப்பா செர்கெய் பெர்ன்ஸ்டைன் பெரிய கணித மேதை. மருத்துவம் படித்து, செம்படையில் டாக்டராக வேலை பார்த்துவிட்டு, 1922இல் மாஸ்கோவில் இருந்த மத்திய உழைப்பு ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார்.

சுத்தியல் சொன்ன ரகசியம்

அந்த நிறுவனத்தைத் தொடங்கிய அலெக்சேய் காஸ்தெவ் ஒரு கவிஞர். மனிதனும் இயந்திரம் போலத் துல்லியமாக வேலை செய்ய வேண்டும் என்பது அவர் கனவு. (இதே காஸ்தெவை 1939இல் ஸ்டாலின் அரசு சுட்டுக்கொன்றது தனிக்கதை.) சுத்தியலால் உளியை அடிப்பதில் சரியான முறை எது என்று கண்டுபிடித்துவிட்டால், எல்லாத் தொழிலாளிக்கும் அதையே சொல்லிக் கொடுத்துவிடலாம் இல்லையா?

பெர்ன்ஸ்டைன் தொழிலாளியின் மூட்டுகளில் சின்னச் சின்ன பல்புகளைக் கட்டினார். கேமரா முன்னால் வேகமாகச் சுழலும் மூடியை வைத்து, ஒவ்வொரு அசைவையும் ஒளிப்புள்ளிகளாகப் படம் பிடித்தார். இன்று சினிமாவில் வரும் மோஷன் கேப்சருக்கும் கிட்டத்தட்ட இதே ஐடியாதான்.

படத்தில் தெரிந்தது வேறு கதை. கைதேர்ந்த தொழிலாளியின் சுத்தியல் ஒவ்வொரு முறையும் உளியின் தலையில் சரியாக விழுகிறது. ஆனால் தோளும் முழங்கையும் போகும் பாதை ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் மாறுகிறது. ஒரு அடி போல இன்னொரு அடி இல்லவே இல்லை!

ஏன்? விரல்களை விட்டுவிட்டாலும் நம் கை 7 விதமாக அசையும். ஒரே இடத்தைத் தொட எண்ணற்ற வழிகள் உண்டு. மேலும், மூளை அனுப்பும் ஒரே கட்டளை, கை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வேறு வேறு அசைவைத் தரும். அதனால் மனப்பாடம் செய்த கட்டளையை மூளை திரும்ப ஒப்பிக்க முடியாது. கை எங்கே இருக்கிறது என்ற தகவல் உடம்பிலிருந்து வந்துகொண்டே இருக்க, மூளை திருத்திக்கொண்டே போகிறது. இதை அவர் 1930களிலேயே எழுதிவிட்டார். புதிதாக சைக்கிள் பழகுபவர் ஏன் விறைத்துப்போய் உட்கார்கிறார்? அத்தனை மூட்டையும் சமாளிக்கத் தெரியாமல், மூளை சிலவற்றைப் பூட்டி வைத்துவிடுகிறது.

பாவ்லோவோடு மோதல்

இங்கேதான் சிக்கல். நாய்க்கு எச்சில் ஊறும் சோதனையால் புகழ்பெற்ற இவான் பாவ்லோவ், சோவியத் அறிவியலின் தெய்வம் மாதிரி. தூண்டுதல் வந்தால் எதிர்வினை வரும் என்ற அவரது விளக்கம் மனித அசைவுக்குப் போதாது என்றார் பெர்ன்ஸ்டைன். இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1936இல் பாவ்லோவ் இறந்துவிட, பதில் சொல்ல முடியாதவரைத் தாக்கக் கூடாது என்று அதை வெளியிடாமல் நிறுத்திவிட்டார். அந்தப் புத்தகம் 2003இல்தான் வந்தது. இந்த நாகரிகத்தை எதிர்த்தரப்பு அவரிடம் காட்டவில்லை.

அசைவுகள் எப்படி உருவாகின்றன என்று 1947இல் அவர் எழுதிய நூலுக்கு அடுத்த ஆண்டே ஸ்டாலின் பரிசு கிடைத்தது. ஆனால் 1950இல் பாவ்லோவ் கொள்கையே அறிவியலில் சட்டம் என்றானது. பரிசு வாங்கியவர் பாவ்லோவ் விரோதி ஆனார். ஆய்வகம் போச்சு, வேலையும் போச்சு. வெளிநாட்டு ஆய்வுக் கட்டுரைகளுக்குச் சுருக்கம் எழுதிக்கொடுத்துக் காலம் தள்ளினார்.

ஸ்டாலின் காலத்துக்குப் பிறகு காற்று மாறியது. கணித மேதை இஸ்ரேல் கெல்ஃபாண்டைச் சுற்றியிருந்த இளம் ஆய்வாளர்கள் அவரைத் தேடி வந்தார்கள். ஆய்வகம் இல்லாத அந்தப் பேராசிரியரிடம் பாடம் கேட்டவர்கள்தான் பின்னாளில் இந்தத் துறையையே வளர்த்தார்கள்.

1966 ஜனவரியில் பெர்ன்ஸ்டைன் காலமானார். அவரது கட்டுரைத் தொகுப்பு ஆங்கிலத்தில் வந்தது அடுத்த ஆண்டுதான். இன்று ரோபோ செய்பவர்களும், பக்கவாதம் வந்தவர்களுக்கு நடை பழக்குபவர்களும் அவர் எழுப்பிய கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். உடம்பின் லாவகம் பற்றிச் சாதாரண மக்களுக்காக 1940களில் அவர் எழுதி வைத்த புத்தகமோ 1991 வரை அச்சேறவே இல்லை.