பெயர் மறைக்கப்பட்டவரும் நிலவு உருண்டையும்

நிலவு நமக்கு என்றும் ஒரே முகத்தையே காட்டுகிறது. அதன் மறுபக்கம் எப்படி இருக்கும் என்று 1959 வரை யாருக்கும் தெரியாது. அதைப் படமெடுத்த விண்கலத்தை அனுப்பியவர் செர்கேய் கொரோலெவ்.

1907இல் உக்ரேனின் சைட்டோமிர் நகரில் பிறந்தவர் அவர். 1938 யூனில் ஸ்டாலினின் இரகசியப் பொலிஸார் பொய்க் குற்றம் சுமத்திக் கைதுசெய்தனர். சித்திரவதைக்குப் பின் கொலிமா தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினர். குளிரிலும் பட்டினியிலும் அவருடைய பற்கள் கொட்டின. தாய் மரியா மகனுக்காக மனுவுக்கு மேல் மனு எழுதினார். புகழ்பெற்ற விமானிகளைத் தேடிப்போய் உதவி கேட்டார். அப்படி அலையும் தாய்மாரை நாமும் அறிவோம். வழக்கு மீள விசாரணைக்கு வந்தது. கொரோலெவ் சுரங்கத்திலிருந்து மீண்டு, கைதிப் பொறியியலாளர்கள் வேலைசெய்யும் சிறைக்கு மாற்றப்பட்டார். 1944இல் விடுதலையானார். குற்றமற்றவர் என்று அரசு ஒப்புக்கொள்ள 1957 ஆயிற்று.

அதே ஆண்டு ஒக்டோபர் 4இல் அவருடைய குழு ஸ்புட்னிக்கை ஏவியது. சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து லூனா-3 புறப்பட்டது. ஒக்டோபர் 7இல், நிலவிலிருந்து சுமார் 65,000 கிலோமீற்றர் தொலைவில், 40 நிமிடங்களில் 29 படங்களை எடுத்தது. படச்சுருளை விண்கலமே கழுவி, உலர்த்தி, வானொலி அலைகளாகப் பூமிக்கு அனுப்பியது. படங்கள் மங்கல்தான். ஆனாலும் மறுபக்கத்தின் ஏறத்தாழ 70 வீதம் தெரிந்தது.

அவற்றைக்கொண்டு சோவியத் வானியலாளர்கள் 1961இல் நிலவு உருண்டை ஒன்றைச் செய்தார்கள். படம் கிடைக்காத பகுதியைக் கற்பனையால் நிரப்பாமல் வெறுமையாகவே விட்டார்கள். மறுபக்கப் பள்ளங்களுக்கு சியோல்கோவ்ஸ்கி, லொமொனோசொவ் போன்ற பெயர்களைச் சூட்டினார்கள். கொரோலெவின் பெயர் அதில் இல்லை. செய்தித்தாள்களிலும் இல்லை. உலகத்துக்கு அவர் பெயரற்ற 'பிரதம வடிவமைப்பாளர்' மட்டுமே.

1965 யூலையில் சொண்ட்-3 எடுத்த படங்கள் அந்த வெறுமையின் பெரும்பகுதியை நிரப்பின. ஆறு மாதங்களில், 1966 ஜனவரி 14இல், சத்திரசிகிச்சையின்போது கொரோலெவ் இறந்தார். இரண்டு நாட்கள் கழித்து வெளியான இரங்கற் செய்தியில்தான் சோவியத் மக்கள் அவருடைய பெயரையும் முகத்தையும் முதன்முறையாகக் கண்டார்கள்.

1970இல் மறுபக்கத்தில் 400 கிலோமீற்றருக்கு மேல் அகலமான பள்ளம் ஒன்றுக்கு அவருடைய பெயர் வைக்கப்பட்டது. பூமியில் எங்கே நின்று பார்த்தாலும் அது நம் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு அதைக் காட்ட விரும்பினால், நிலவு உருண்டை ஒன்றை வாங்கி, பின்பக்கமாகத் திருப்பித்தான் காட்டவேண்டும்.