பெற்றோர் ஒளித்து வைத்த நூல்: அலீஷேர் நவாயி

போன தவணைப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய், தன் பிள்ளைக்குத் தமிழ் மட்டும்தான் வரும் என்று ஏதோ குற்றம் செய்தவர் போலத் தலை குனிந்து சொன்னார். எனக்கு உடனே ஹிராத் நகரத்து அலீஷேர் நவாயியின் ஞாபகம் வந்தது.

இன்று ஆப்கானிஸ்தானில் இருக்கும் ஹிராத்தில் 1441இல் பிறந்தவர் அவர். சிறுவயதில் பரீதுத்தீன் அத்தாரின் மன்திகுத் தைர் என்ற பாரசீக சூபிக் காவியத்தில் மூழ்கி, விளையாட்டையும் தோழர்களையும் மறந்துபோனார். பயந்த பெற்றோர் நூலை எடுத்து ஒளித்துவிட்டார்கள். பயனில்லை. அதற்குள் அவர் மனனம் செய்துவிட்டார்.

1469இல் பிள்ளைப் பருவத் தோழர் ஹுசைன் பைகரா ஹிராத்தின் சுல்தானானதும் நவாயி முத்திரைக் காப்பாளரானார், பின்னர் அமீரானார். மத்ரஸா, கான்கா, வைத்தியசாலை எல்லாம் கட்டினார். மணம் முடிக்கவில்லை. மௌலானா ஜாமி அவருக்கு நண்பர், நக்ஷபந்தி தரீக்காவில் வழிகாட்டியும் அவரே.

ஆனால் என்னைக் கவர்ந்தது அவருடைய பதவி அல்ல. ஆட்சி துருக்கியரிடம் இருந்தும், கவிதை என்றால் பாரசீகம்தான் என்றிருந்த காலம் அது. துருக்கி மொழி வீட்டுக்கும் பாசறைக்கும் போதும் என்று நினைத்தார்கள். நவாயிக்குப் பாரசீகம் வராமல் இல்லை. ஃபானி என்ற புனைபெயரில் அதிலும் ஒரு திவானே பாடியிருக்கிறார். ஆனாலும் நிழாமியும் அமீர் குஸ்ருவும் பாரசீகத்தில் பாடிய கம்ஸாவின் தடத்தில், 1483 முதல் 1485 வரை ஐந்து காவியங்களைத் துருக்கியில் பாடி முடித்தார். 25,000க்கு மேற்பட்ட ஈரடிகள்!

1499இல் முஹாகமத்துல் லுகதைன் என்ற நூலில் இரு மொழிகளையும் நேருக்கு நேர் நிறுத்தினார். பாரசீகத்தில் மூத்தவனுக்கும் இளையவனுக்கும் சகோதரன் என்ற ஒரே சொல்தான், துருக்கியில் தனித்தனிச் சொற்கள் உண்டு என்கிறார். சகோதரிகளுக்கும் அப்படியே. இதை வாசித்தபோது நானா, தம்பி, ராத்தா, தங்கச்சி என்று நம் வீட்டுச் சொற்கள் என் மனதில் வரிசையாக வந்து நின்றன. பாரசீகர் நீர்ப்பறவை என்று பொதுவாகச் சொல்லிவிடும் வாத்துகளுக்குக்கூட இனத்துக்கொரு பெயரைத் துருக்கியிலிருந்து எடுத்து வைக்கிறார். கொஞ்சம் வக்கீல் வாதம்தான். சஅதியையும் ஹாபிழையும் தந்த மொழியை ஏழை மொழி என்று யார் ஒப்புவார்? ஆனால் தாழ்த்தப்பட்ட மொழிக்காக வாதாடுபவரிடம் நடுநிலையை எதிர்பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பிற்காலத்தில், இந்தியாவில் முகலாய அரசை நிறுவிய பாபர் தன் வரலாற்றை இதே மொழியில்தான் எழுதினார். துருக்கியில் இவ்வளவு அதிகமாகவும் இவ்வளவு நன்றாகவும் எழுதியவர் வேறு யாருமில்லை என்று நவாயியைப் பற்றி அதில் குறித்தும் வைத்தார்.

அறுபதை நெருங்கும்போது நவாயி மீண்டும் அத்தாரின் பறவைகளிடம் போனார். லிஸானுத் தைர் என்ற பெயரில் அந்தக் கதையைத் தன் மொழியில் பாடினார். பெற்றோர் நூலை ஒளித்து வைத்த சம்பவத்தையும் அதிலேதான் சொல்கிறார். 1501 ஜனவரியில் ஹிராத்திலேயே வபாத்தானார்.