எலைசா அக்னியூ அம்மையார்

எமது உடுவில் மகளிர் கல்லூரியின் தொடக்கம் என்றதும் ஹரியற் வின்சிலோ அம்மையாரையே நினைக்கிறோம். 1824 இல் பெண்களுக்கான இவ்விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தவர் அவர்தான். ஆனால் 1833 இல் அவர் மறைந்த பின்னும் பாடசாலை தளராமல் வேரூன்றியதற்கு, என் எண்ணத்தில், பின்னால் வந்த ஒருவரே பெருங்காரணம்.

எலைசா அக்னியூ 1807 இல் நியூயோர்க் நகரில் பிறந்தவர். எட்டு வயதில், பூகோள பாடத்தில் தூர தேசங்களைப் பற்றிக் கேட்டபோதே மிஷனரியாகப் போவது என்று முடிவு செய்தாராம். ஆனால் வீட்டுக் கடமை விடவில்லை. பெற்றோர் கண்மூடும்வரை காத்திருந்து, 32 வயதில்தான் கப்பலேறினார். 1840 ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அமெரிக்க மிஷன் இலங்கைக்கு அனுப்பிய முதலாவது மணமாகாத பெண் அவரே.

அக்காலத்தில் பெண்பிள்ளையைப் படிப்பிக்க விடுவதே பெரிய காரியம். படிப்பை முடிக்கும் பிள்ளைக்கு மிஷன் சிறு சீதனமும் கொடுத்துப் பெற்றோரை இணங்க வைத்தது. வட்டுக்கோட்டை செமினரியில் படித்த இளைஞர்கள் படித்த பெண்களைத் தேடியதும் உதவியது. சீதனம் கொடுத்துப் பிள்ளை சேர்த்த கதையைக் கேட்டு எங்கள் வகுப்பில் ஒருமுறை எல்லோரும் சிரித்தோம். இப்போது யோசித்தால் சிரிப்பு வரவில்லை.

அம்மையார் ஏறக்குறைய நாற்பது வருடம் பாடசாலையை நடத்தினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அவரிடம் படித்தார்கள். தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறை அவர் முன்னால் இருந்தது. ஆயிரம் பிள்ளைகளின் தாய் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. விடுமுறை வந்தால் அவர் ஓய்வெடுக்கவில்லை. கிராமம் கிராமமாகப் பழைய மாணவிகளின் வீடு தேடிப் போனார். வைத்தியர்களாகிய நாங்கள் துண்டு வெட்டி அனுப்பிய நோயாளியை மறுபடி காண்பதே அரிது. அவரோ கலியாணமாகிப் போன பிள்ளையையும் விடவில்லை.

மாணவிகளைக் கிறிஸ்தவர்களாக்குவதே அவருடைய முதல் நோக்கம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சைவக் குடும்பங்களுக்கு இது உறுத்தியது நியாயமே. 1913 இல் எமது அயலில் இராமநாதன் கல்லூரி எழுந்தபோது சைவப் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு விடுதிப் பாடசாலை கிடைத்தது.

மற்ற மிஷனரிமார் ஓய்வுக்காக ஊர் போய் வந்தார்கள். இவர் 43 வருடத்தில் ஒருமுறையாவது போகவில்லை. கேட்டவர்களிடம் நேரமில்லை என்பாராம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து இதை வாசிக்கும் தோழிகளுக்கு, திரும்பாமலிருப்பது என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவர் அதைத் தானே தேர்ந்துகொண்டார்.

கடைசிக் காலத்தில் மானிப்பாயில் மேரி, மார்கரெற் லீச் சகோதரிகளுடன் வாழ்ந்து, 1883 ஜூனில் காலமானார். அச்சகோதரிகள் பின்னர் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் சேர்த்த பணத்தில்தான் இனுவிலில் பெண்களுக்கான மக்லியொட் ஆஸ்பத்திரி எழுந்தது. நான் பிறந்தது அங்கேதான். அம்மாவும் உடுவிலில் படித்தவர், அம்மம்மாவும் அப்படியே.