வழக்கத்தையும் ஏடாக வாசித்த பண்டிதர்

ஒடுக்கப்பட்ட மக்களைப் பள்ளிக்கூட வாசலில் தடுத்துவிட்டு, அவர்களையே எழுத்தறிவற்றவர்கள் என்று இழித்த காலம் அது. எழுத்து இல்லாதவருக்கு வரலாறும் இல்லை என்பதே அதன் உட்பொருள். அதை ஏற்க மறுத்தவர் அயோத்திதாசப் பண்டிதர்.

1845 மே 20இல் பிறந்த அவரின் இயற்பெயர் காத்தவராயன். தமக்குக் கற்பித்த ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்றார். தமிழும் சித்த மருத்துவமும் கைவரப்பெற்றவர். தம் பாட்டனார் கந்தப்பன் வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடி ஆங்கில அதிகாரி எல்லிஸின் கைக்குச் சென்றதை அவரே பதிவு செய்திருக்கிறார்.

1891இல் நீலகிரியில் மாநாடு கூட்டி, பிள்ளைகளின் கல்விக்கும் மக்களின் உரிமைக்கும் கோரிக்கை வைத்தார். 1898இல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். 1907 ஜூன் 19இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். ஓராண்டுக்குப் பின் அது 'தமிழன்' ஆயிற்று.

அந்த இதழில் அவர் ஏட்டுச்சுவடிக்குத் தந்த மதிப்பைப் பழமொழிக்கும் பண்டிகைக்கும் ஊர்வழக்குக்கும் தந்தார். தீபாவளி எண்ணெய்க் குளியலில் எள் நெய் கண்டறியப்பட்ட கதையை வாசித்தார். அம்மனுக்குச் சாத்தும் வேப்பிலையில், அம்மை நோய் தீர்த்த பௌத்தப் பெண் துறவியைக் கண்டார். சேரிக்குள் பார்ப்பனர் நுழைந்தால் விரட்டிச் சாணச்சட்டி உடைக்கும் வழக்கத்தை, மூடப்பழக்கம் என்று தள்ளாமல் பழம்பகையின் சான்றாக எடுத்துக்கொண்டார். இந்த விளக்கங்களில் சிலவற்றை இன்றைய ஆய்வாளர்கள் மறுக்கலாம். ஆனால் எளிய மக்களின் நாவிலும் சடங்கிலும் இருப்பதும் வரலாற்றுச் சான்றே என்ற அவரது அடிப்படை அசையவில்லை.

1914 மே 5இல் மறைந்தார். பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டிருந்த அவர் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, 1999இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. மக்கள் வழக்கைச் சான்றாக மதித்தவருக்குப் பொருத்தமான பதிப்பிடம்.

குலதெய்வக் கதை, பறையின் அடிவகைகள், ஒப்பாரி, கைமருந்துப் பக்குவம் எனப் பலவும் நம் தெருக்களில் இன்னும் முதியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. பள்ளி செல்லும் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து கேட்டு எழுதிவைக்காவிட்டால், அவை அந்தத் தலைமுறையோடு போய்விடும்.