சின்னக் காரும் பெரிய மனிதரும்



குற்றாலத்துல சாரல் சீசன் வந்துட்டா ஐந்தருவி ரோட்டில் கார்கள் வரிசை கட்டி நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெரிய வண்டி திருப்ப இடமில்லாமல் தவிக்கும். சின்னக் கார் ஓரமா நுழைஞ்சு போயிடும். அப்படி ஒரு சின்னக் காரை 1952-லேயே நம் தமிழ்நாட்டில் ஒருவர் செய்து காட்டினார். அவர்தான் கோவை ஜி.டி. நாயுடு.

1893-ம் ஆண்டு மார்ச் 23-ம் தேதி, கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றுபோனது. ஊருக்கு வந்த ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. கோவையில் ஓட்டல் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மறுபடி பூட்டினார். அதுதான் அவருக்கு ஒர்க்‌ஷாப் கிளாஸ்!

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே டிரைவராக ஓட்டினார். அது யூ.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து எலக்ட்ரிக் மோட்டாரை இங்கேயே தயாரித்தார்.

பிறகு வந்ததுதான் அந்தக் கார். இரண்டு பேர் உட்காரலாம், பெட்ரோலில் ஓடும், விலை 2,000 ரூபாய். ஆனால் அரசு லைசென்ஸ் கொடுக்கவில்லை. உற்பத்தி நின்றுபோனது.

ஐந்து வருடம் கழித்து, 1957-ல், இத்தாலியில் ஃபியட் 500 வந்தது. வடிவமைத்தவர் டான்டே ஜியகோசா என்ற என்ஜினீயர். 479 சி.சி., இரண்டு சிலிண்டர், என்ஜின் பின்னால், நீளம் மூன்று மீட்டருக்கும் குறைவு. அது லட்சக்கணக்கில் விற்றது. 1969-ல் ஆட்டோபியாங்கி ஏ112 வந்தது. என்ஜினை முன்னால் குறுக்காக வைத்து, முன்சக்கரங்களையே இழுக்க வைத்து இடத்தை மிச்சப்படுத்தினார்கள். வசதியானவர்களும் அதை விரும்பி வாங்கினார்கள். சின்னக் கார்னா மட்டமான கார் இல்லைன்னு உலகம் ஒத்துக்கொண்டது. நாயுடுவின் காருக்கு மட்டும் ரோட்டில் வரிசையாக ஓடக் கொடுத்து வைக்கவில்லை.

நமக்கு நெருக்கமான செய்தி இன்னொன்று உண்டு. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாக முன்னின்றவர் இவரே. நான்கு வருடப் படிப்பு வீண், இரண்டு வருடமே போதும் என்பது அவர் கருத்து. அரசு ஏற்கவில்லை; பதவியை விட்டு விலகினார். 1974 ஜனவரி 4-ல் மறைந்தார்.

எங்க அப்பா தென்காசியில் லாரிப் பட்டறையில் ஸ்பேனர் பிடிக்கிறவர். எந்த வண்டியையும் கழட்டி மாட்டுவார். டிராயிங் வாசிக்கத் தெரியாது. எங்க வீட்ல படிக்க வந்த முதல் ஆள் நான்தான். வெறும் டிப்ளமோதானான்னு சொந்தக்காரங்க கேட்கும்போது என் முகம் சுருங்கும். நாயுடுவின் வாழ்க்கையைப் படித்த பிறகு சுருங்குவதில்லை.

நண்பர்களே, கடைசி வருட ப்ராஜெக்டை ரெடிமேடா விலைக்கு வாங்குவது வேண்டாம். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, நம்ம கையால கழட்டி, நம்ம கையால பூட்டுவோம்!