கப்பல் கட்டணம் கொடுத்த தகப்பன்

நேபாள ஊழியத்துக்கு நான் பெட்டி கட்டினப்போ, கனம் தாங்காம பிடியே அறுந்துபோச்சு. உடனே சாது சுந்தர்சிங் ஞாபகம் வந்தார். 1889-ல் பஞ்சாபின் ராம்பூரில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். 1905-ல் சிம்லாவில் ஞானஸ்நானம் எடுத்து, காவி அங்கியோடு கிளம்பினார். கையில் புதிய ஏற்பாடு, தோளில் ஒரு கம்பளி, அவ்வளவுதான்! 1918-ல் தென்னிந்தியா, இலங்கை, அப்புறம் பர்மா, மலாயா, ஜப்பான், சீனா.

அடுத்து இங்கிலாந்து போக உள்ளத்தில் பாரம். கையில் காசு இல்லை. கிறிஸ்துவினிமித்தம் அவரை வீட்டைவிட்டுத் துரத்தின தகப்பன் ஷேர்சிங், தாமே ஆண்டவரண்டை வந்து, மகனுடைய கப்பல் கட்டணத்தைக் கொடுத்தார். அதுக்குப் பதினாலு வருஷம் ஆச்சு. 1920-ல் சாது கப்பல் ஏறினார்.

என் அப்பா இன்னும் சபை வாசலை மிதிக்கலை. இந்தத் தடவை பயணத்துக்கு முன்னாடி ஊருக்குப் போய் அவரைப் பார்க்கிறேன். ஜெபித்துக்கொள்ளுங்கள்.