சிறையிலும் குலையாத சமாதானம்

அர்ச். யோசேவாஸ் சுவாமியாரின் சரித்திரம்



நம்முடைய குடும்பங்களில் எத்தனை பேர் மனச் சமாதானத்தைத் தேடித் தவிக்கிறார்கள்! கடன் அடைந்தால் நிம்மதி உண்டாகும் என்கிறார் ஒருவர். வழக்கு முடிந்தால் போதும் என்கிறார் மற்றொருவர். மகளை ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் நிம்மதியாய்த் தூங்குவேன் என்கிறாள் தாய். ஆக, நாமெல்லோரும் சமாதானத்தைத் துன்பத்துக்கு அப்பால் வைத்துப் பார்க்கிறோம். ஒரு துன்பம் போக, அதன் இடத்தில் வேறொன்று வர, இப்படியே ஆயுசும் கழிந்துபோகிறது.

துன்பத்தின் நடுவிலேயே சமாதானத்தைக் கண்டடைந்த ஒரு குருவானவரைப்பற்றி இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். அவர் பிறந்தது கோவாவில், உழைத்தது இலங்கையில், பேசியும் பிரசங்கித்தும் வந்த பாஷைகளில் நம்முடைய தமிழும் ஒன்று. அவர்தான் அர்ச். யோசேவாஸ் சுவாமியார்.

தன்னைக் கொடுத்துவிட்டவர்

யோசேவாஸ் 1651-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 21-ந் தேதி கோவா நாட்டில் பெனவுலிம் என்னும் ஊரில், தம் தாயாரின் பிறந்தகத்தில் பிறந்தார். தகப்பனார் பெயர் கிறிஸ்தோவான் வாஸ். தாயார் மரிய மிராண்டா. பக்தியிலும் மரியாதையிலும் குறைவற்ற கொங்கணிக் குடும்பம். கோவாவில் சேசுசபையாரிடத்திலும் அர்ச். சாமிநாதர் சபையாரிடத்திலும் கல்வி கற்று, 1676-ம் வருஷம் குருப்பட்டம் பெற்றார். அன்றுமுதல் ஏழைகளைப்போல் வெறுங்காலோடு நடக்கலானார்.

மறு வருஷம், அதாவது 1677-ம் வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி, பனிமய மாதா திருநாளன்று, அவர் ஒரு காரியம் செய்தார். தாம் தேவமாதாவுக்கு என்றென்றைக்கும் அடிமை என்று ஒரு பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டார். நாம் நிலத்துக்கும் வீட்டுக்கும் பத்திரம் எழுதுகிறோம். அவர் தம்மையே எழுதிக் கொடுத்தார். பிரியமானவர்களே, இந்தப் பத்திரத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் அவருக்கு வந்த சமாதானத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. தன்னிடம் உள்ளதையெல்லாம் முன்பே கொடுத்துவிட்டவனிடத்தில், சத்துரு வந்து பறிப்பதற்கு என்ன மிச்சமிருக்கும்?

1681 முதல் 1684 வரை மங்களூர்ப் பக்கத்துக் கன்னட நாட்டில் உழைத்தபின் அவர் கோவாவுக்குத் திரும்பினார். அங்கே சில சுதேச குருக்கள் ஒரே வீட்டில் கூடி ஜெபத்தில் ஜீவித்து வந்தார்கள். அவர்களோடு சேர்ந்து, 1685-ல் அவர்களுக்குத் தலைவராகி, அர்ச். பிலிப்புநேரியாரின் ஒரத்தோரியம் சபை அங்கே வேரூன்றச் செய்தார்.

ஆயன் இல்லாத மந்தை

அக்காலத்தில் இலங்கையில் இருந்த நமது சகோதரருடைய நிலைமை யாது? ஒல்லாந்தர் 1656-ல் கொழும்பையும் 1658-ல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்துக்கொண்டார்கள். ஒல்லாந்தரும் கிறிஸ்துவின் நாமத்தைத் தரித்தவர்களே; ஆனால் கல்வின் மதத்தைச் சார்ந்தவர்கள். கத்தோலிக்கக் குருக்களையெல்லாம் துரத்தினார்கள். கோவில்களைத் தங்கள் ஆராதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரு குருவை வீட்டில் ஒளித்து வைப்பவனுக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது.

ஏறக்குறைய முப்பது வருஷமாக அந்த விசுவாசிகளுக்குப் பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, சாகிறவனுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க ஆளில்லை. ஆயினும் அவர்கள் விசுவாசத்தை விடவில்லை. தகப்பன் மகனுக்கு மந்திரங்களைச் சொல்லிக் கொடுத்தான். தாய் இரவிலே கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளோடு ஜெபமாலை சொன்னாள். மாந்தையில் இருந்த கத்தோலிக்கர் தங்கள் தேவமாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். அந்தச் சுரூபமே இன்று மருதமடுவில் வணங்கப்படுகிறது.

இந்தச் செய்தி யோசேவாசின் மனதை வாட்டிற்று. தலைவர் பதவியை விட்டு, யோவான் என்ற ஒரே ஊழியனைக் கூட்டிக்கொண்டு, 1686-ல் கோவாவை விட்டுப் புறப்பட்டார். தென்திசை நோக்கி நடந்து தூத்துக்குடி சேர்ந்தார். அங்கேயும் ஒல்லாந்தருடைய அதிகாரமே நடந்தது. குருவின் அங்கியைக் களைந்து, கூலிக்காரனைப்போல் அரையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, கடல் கடந்து 1687-ல் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். அந்நேரம் அவர் வயது ஏறக்குறைய முப்பத்தாறு. அதற்குப்பின் அவர் கோவாவைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

கழுத்திலே ஜெபமாலை

இறங்கினவுடன் அவரை வரவேற்றது கொடிய வயிற்றுக்கடுப்பு. சாவின் வாசல்மட்டும் போய்த் தப்பினார். எழுந்து நடக்கச் சக்தி வந்ததும், யார் கத்தோலிக்கர் என்று அறியவேண்டியிருந்தது. வாய் திறந்து கேட்கவோ கூடாது. கேட்கப்பட்டவன் காட்டிக் கொடுக்கக் கூடும். ஆகையால் பெரிய ஜெபமாலை ஒன்றைக் கழுத்திலே போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சைக்குப் போனார். பிச்சை போட வந்தவர்களுடைய கண்கள் அந்த ஜெபமாலையின்மேல் எப்படி விழுகின்றன என்று கவனித்தார். எந்த வீட்டில் அந்தக் கண்கள் தயங்கினவோ, எங்கே பிச்சை போட்ட கை நடுங்கிற்றோ, அங்கே தம் மந்தை இருக்கிறதென்று கண்டுகொண்டார். தாம் குருவானவர் என்று அவர் மெல்லச் சொன்னபோது, முப்பது வருஷம் காத்திருந்த அந்த வீட்டாருக்கு எப்படி இருந்திருக்கும்!

விசுவாசத்தில் உறுதியான கத்தோலிக்கர் மிகுந்த சில்லாலை என்னும் கிராமம் அவருக்கு அடைக்கலமாயிற்று. பகலில் மறைந்திருந்து, இரவெல்லாம் பாவசங்கீர்த்தனம் கேட்டு, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, விடியுமுன் பூசை முடித்து அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

1689-ம் வருஷத்துக் கிறிஸ்மஸ் இரவில் யாழ்ப்பாணத்தில் பூசைக்குக் கூடியிருந்த விசுவாசிகளை ஒல்லாந்தச் சேவகர் வளைத்துக்கொண்டார்கள். சுமார் 300 பேர் பிடிபட்டார்கள். கல்வின் மதத்தை விட்டுத் திருச்சபையில் சேர்ந்திருந்த தொன் பேதுரு என்பவர் அடிபட்டே உயிர்விட்டார். குருவானவர் மட்டும் சேவகர் கையில் அகப்படவில்லை. அதன்பின் 1690-ல் அவர் புத்தளத்துக்குப் போய்விட்டார்.

இவ்விடத்தில் சிலர் கேட்கலாம்: சர்வேசுரனை நம்பியவர் ஏன் ஓடி ஒளிய வேண்டும்? மக்களே, மனச் சமாதானம் என்பது ஆபத்தை அறியாத மூடத்தனமல்ல. தம்முடைய உயிர் தம்முடையதல்ல, அந்த மந்தையினுடையது என்று அவருக்குத் தெரியும். ஆதலால் அதை வீணாய்ச் சிந்தவும் இல்லை. காப்பாற்றும்படி ஊரைவிட்டுக் கப்பலேறவும் இல்லை.

கண்டிச் சிறை

1692-ல் கண்டி நகருக்குப் போனார். அது புத்த சமயத்தைச் சேர்ந்த இரண்டாம் விமலதர்மசூரியன் அரசாண்ட சுதந்தர ராச்சியம். ஒல்லாந்தருடைய கை அங்கே எட்டாது. அங்கிருந்து தீவெங்கும் உள்ள கிறிஸ்தவர்களைக் கவனிக்கலாம் என்பது அவர் எண்ணம். ஆனால் அரண்மனையில் செல்வாக்குள்ள ஒரு பிரெஞ்சுக்காரர், கல்வின் மதத்தவர், இவர் போர்த்துக்கேயருடைய ஒற்றர் என்று அரசனிடம் கோள் சொன்னார். யோசேவாசும் அவரோடிருந்த இரண்டு கத்தோலிக்கரும் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். எத்தனை வருஷப் பாடு! எத்தனை காத நடை! கடைசியில் ஒரு பொய்க் கோளினால் எல்லாம் நின்றுபோயிற்று. வெளியே மந்தை காத்திருக்கிறது. மேய்ப்பனோ உள்ளே கிடக்கிறான். நம்மில் ஒருவராயிருந்தால், சர்வேசுரனுடைய வேலையைத்தானே செய்யப் போனேன், எனக்கு ஏன் இந்தக் கதி என்று புலம்பியிருப்போம். கோள் சொன்னவனை இரவும் பகலும் நினைத்துப் புழுங்கியிருப்போம்.

யோசேவாஸ் என்ன செய்தார்? சிறையிலே உட்கார்ந்து சிங்கள பாஷையைக் கற்றார். தப்பி ஓடமாட்டார் என்று கண்ட காவலர் கண்டிப்பைத் தளர்த்தினபோது, சிறை எல்லைக்குள்ளேயே சிறு குடிசை ஒன்று கட்டி அதைக் கோவிலாக்கினார். பிற்பாடு தேவமாதாவின் பெயரால் சற்றே பெரிய கோவிலும் அங்கே எழும்பிற்று. கூட இருந்த கைதிகள் அவரிடம் வேதம் கற்றார்கள். அவரை அடைத்துவைத்த இடமே அவருடைய பங்காயிற்று!

இதுதான் நாம் கவனிக்கவேண்டிய இடம். விடுதலை வரட்டும், பிறகு வேலையைப் பார்ப்போம் என்று அவர் காத்திருக்கவில்லை. இன்று சர்வேசுரன் என்னை வைத்திருக்கும் இடம் இது. இங்கே செய்யக்கூடியது யாது என்றே பார்த்தார். பூசையும் ஜெபமும் தியானமும் குறித்த நேரத்தில் நடந்தன. வெளியே எது மாறினாலும் உள்ளே ஒழுங்கு மாறவில்லை. தேவமாதாவின் அடிமையென்று பத்திரம் எழுதிக் கொடுத்தவருக்கு அரசனுடைய விலங்கு புதிதாய்த் தோன்றவில்லை போலும்.

கண்டியில் மழையின்றிப் பெரும் வறட்சி உண்டாயிற்று. வேறெந்த வேண்டுதலும் பலிக்காதிருக்க, அரசன் இந்தக் கைதியிடம் ஆளனுப்பினான். அவர் பீடம் ஒன்று அமைத்து, சிலுவையை நாட்டி, முழந்தாளிலிருந்து ஜெபித்தார். மழை கொட்டிற்று. சுற்றிலும் எல்லாம் நனைய, அவரும் பீடமும் நனையவில்லையென்று அவர் சரித்திரத்தை எழுதினவர்கள் சொல்லுகிறார்கள். அரசன் அவரை விடுதலைசெய்து, தன் நாட்டில் எங்கும் போய்ப் போதிக்க உத்தரவளித்தான். கிறிஸ்தவர்கள் துரத்திய கத்தோலிக்கக் குருவுக்குப் புத்த சமயத்து அரசன் நிழல் கொடுத்தான். நம் அயலாராகிய பிற மதத்தவரை நினைக்கும்போது இதையும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

வைசூரிக் காலம்

உண்மையான சமாதானம் ஒருவனைத் தன் மூலையிலே சுகமாய் உட்கார விடாது. 1697-ல் கண்டியில் வைசூரி பரவிற்று. உறவினர் உறவினரைக் கைவிட்டார்கள்; நோயாளிகளைக் காட்டிலே கொண்டுபோய் விட்டார்கள். அரசனும் நகரத்தை விட்டு நீங்கினான். யோசேவாசோ நீங்கவில்லை. புதிதாய் வந்திருந்த அவர் மருமகனாகிய யோசேப்பு கர்வாலியோ சுவாமியாரும் அவரும் குடிசைகள் போட்டு, நோயாளிகளைச் சுமந்துவந்து கிடத்தினார்கள். புண்களைக் கழுவினார்கள், கஞ்சி ஊட்டினார்கள், இறந்தவர்களை அடக்கினார்கள். இவன் கிறிஸ்தவனா, புத்தனா என்று கேட்கவில்லை. எத்தனை பிரசங்கத்தாலும் இளகாத மனங்கள் இதைக் கண்டு இளகின.

கோவாவிலிருந்து வேறு குருக்களும் வந்து சேர்ந்தார்கள். 1705-ல் வந்தவர்களுள் ஒருவர், பின்னாளில் சிங்களத்திலும் தமிழிலும் அநேக ஞான நூல்களை இயற்றிய யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமியார். அவ்வருஷம் இலங்கை மிசியோன் எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. யோசேவாசை மேற்றிராணியாராக்கக் கருதினபோது, அவர் அதை வேண்டாமென்றார். 1710-ல் உடல் தளர்ந்த நிலையிலும் ஒருமுறை ஊர் ஊராய்ச் சுற்றி வந்தார். திரும்பி வந்து காய்ச்சலில் விழுந்தார். 1711-ம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி, கண்டியிலே, தம் அறுபதாவது வயது நிறையுமுன் சர்வேசுரனிடம் போய்ச் சேர்ந்தார்.

அவரை அடக்கம் செய்த கோவில் பிற்காலத்தில் அழிந்தது. கல்லறை இருந்த இடமும் தெரியாமற்போயிற்று. ஆனால் அவர் நட்ட விசுவாசம் அழியவில்லை. ஆங்கிலேய ஆட்சியில் 1806-ல் கத்தோலிக்கருக்கு விரோதமான சட்டங்கள் நீக்கப்பட்டபோது, அந்த மந்தை அங்கே இருந்தது. 1995-ம் வருஷம் ஜனவரி 21-ந் தேதி இரண்டாம் யோவான் சின்னப்பர் பாப்பானவர் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 2015-ம் வருஷம் ஜனவரி 14-ந் தேதி பிரான்சிஸ் பாப்பானவர் அர்ச்சியசிஷ்ட பட்டமும் கொழும்பிலேயே கொடுத்தார்கள். இலங்கையின் முதல் அர்ச்சியசிஷ்டவர் இவரே.

நமக்குரிய பாடம்

பிரியமானவர்களே, நம் வீட்டுத் துன்பங்களும் ஒருவகைச் சிறைதான். படுத்த படுக்கையான மாமியாரைப் பார்க்கிற மருமகளுக்கு அந்த அறை சிறை. வேலையில்லாத வாலிபனுக்கு அவன் வீட்டுத் திண்ணை சிறை. விசுவாசத்தின் நிமித்தம் ஏளனப்படுகிறவனுக்கு அவன் வேலைசெய்யும் இடமே சிறை. கதவு எப்போது திறக்கும் என்று நமக்குச் சொல்லப்படவில்லை. யோசேவாசுக்கும் சொல்லப்படவில்லை.

ஆகையால் அவரிடம் மூன்று காரியங்களைக் கற்போம். காலையில் எழுந்ததும், அன்றைய நாளில் வரப்போகும் நன்மை தின்மை யாவற்றையும் தேவமாதாவின் கையால் சர்வேசுரனுக்கு ஒப்புக்கொடுங்கள். துன்பம் எவ்வளவு பெரிதாயினும் ஜெப நேரத்தை அதற்குத் தின்னக் கொடுக்காதீர்கள். உங்கள் துன்பத்தையே பார்த்துக்கொண்டிராமல், உங்களைவிட அதிகமாய்த் துன்பப்படுகிறவன் ஒருவனுக்கு இந்த வாரத்துக்குள் ஓர் உதவி செய்யுங்கள்.

குடும்ப ஜெபமாலை நின்றுபோன வீடுகளில் இன்றிரவே அதைத் திரும்பத் தொடங்குங்கள். குருவில்லாத முப்பது வருஷம் ஒரு ஜனத்தைக் காத்தது அந்த ஜெபமாலை. நம் வீட்டையும் அது காக்கும்.

அர்ச். யோசேவாசே, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

உங்கள் ஞான நன்மையை விரும்பும்
பங்குக் குரு